தூங்குபவனை எழுப்பாத வீடு

அந்த வீட்டில் சத்தம் போடும் தைரியம் குழாய் ஒன்றுக்குத்தான் இருந்தது. தண்ணீர் வருவதற்கு முன்னால் அது காற்றைக் கக்கிக்கொண்டு இருமும். அதன் வாயிலும் அத்தை ஈரத்துணியைச் சுற்றி வைத்திருந்தாள். கதவுக் கீல்களுக்கு வாரம் தவறாமல் எண்ணெய். அழைப்புமணியின் கம்பியை என்றைக்கோ பிடுங்கியாகிவிட்டது. எவர்சில்வர் பாத்திரங்கள் மூட்டை கட்டிப் பரணில் ஏறிவிட்டன. கை தவறி விழுந்தால் ஊரைக் கூட்டிவிடும் என்று எல்லாமே பிளாஸ்டிக் தட்டு, பிளாஸ்டிக் டம்ளர். குக்கர் பகலில் அடுப்பேறாது. மூன்றாவது மாடியில் இரண்டே அறை. உள்ளறையில் பகல் முழுக்கத் தம்பி தூங்குவான். வெளியறையில் மற்றவர்கள் பூனை மாதிரி நடப்பார்கள்.

தம்பி ராத்திரி வேன் ஓட்டுகிறவன். ஊர் விழிப்பதற்கு முன்னால் பேக்கரி ரொட்டியைக் கடை கடையாக இறக்கிவிட்டு, ஊர் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் வீடு திரும்புவான். அவன் மனைவி துணி கம்பெனியில் சட்டைக் காலர் தைப்பவள். சட்டையின் கை இல்லை, பை இல்லை, நாளெல்லாம் காலர் மட்டும்தான். அதனால் தம்பி அவளுக்கு வைத்த செல்லப்பெயர் காலர்க்காரி. அத்தை தம்பிக்கு அக்கா. கட்டியவன் சொல்லாமல் கொள்ளாமல் போனதிலிருந்து தம்பி வீட்டோடு இருக்கிறாள். விடிவதற்கு முன் போய் ஓர் ஆபீஸ் கட்டடத்தைப் பெருக்கித் துடைத்துவிட்டு, காலர்க்காரி கிளம்புவதற்குள் ஓடிவந்து பிள்ளையைக் கையில் வாங்கிக்கொள்வாள். ஆக மூன்று பேருக்கும் மூன்று வேளையில் வேலை. ஒருத்தர் செருப்பைக் கழற்றும்போது இன்னொருத்தர் மாட்டிக்கொண்டிருப்பார். மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டது எப்போது என்று கேட்டால் மோட்டுவளையைப் பார்த்து யோசித்துத்தான் சொல்ல வேண்டும்.

இந்த மௌன விரதம் சும்மா வந்ததில்லை. பிள்ளை கைக்குழந்தையாக இருந்த சமயம், அது பகலெல்லாம் வீறிட்டு அழுது, தம்பிக்குப் பொட்டுத் தூக்கம் இல்லை. கண்ணில் மண்ணை அள்ளிப் போட்ட மாதிரி எரிச்சலோடு வேனை எடுத்துக்கொண்டு போனவன், ஓட்டிக்கொண்டிருக்கும்போதே கண்ணயர்ந்து, வண்டியை ஒரு விளக்குக் கம்பத்தில் கொண்டுபோய்ச் சாத்தினான். ரொட்டியெல்லாம் ரோட்டில். அவனுக்கு நெற்றியில் தையல். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனால் கம்பம் இருந்த இடத்தில் ஒரு ஆள் நின்றிருந்தால் என்ற நினைப்பு, ஓட்டியவனைவிடக் காலர்க்காரியைத்தான் பிடித்து ஆட்டியது. அன்றைக்கு அவள் சட்டம் போட்டாள்.

"அண்ணி, இனிமே இந்த வீட்ல தூங்குறவரை யாரும் எழுப்பக் கூடாது. யமனே வந்தாலும் வாசல்ல உக்காரச் சொல்லுங்க. அவரு தூங்கி எழுந்து வரட்டும்."

அத்தைக்கு அது நியாயமாகத்தான் பட்டது. இப்போதும் அது அநியாயம் என்று யார் சொல்ல முடியும்? தூங்காமல் வண்டி ஓட்டினால் சாவு. அப்படியானால் அவனைத் தூங்க வைக்கிறவர்கள் காவல் தெய்வம். அத்தை காவல் தெய்வமானாள். காவல் தெய்வத்துக்கும் தூக்கம் வருமா என்று யாரும் கேட்கவில்லை. தெய்வமும் தானாக வாயைத் திறந்து சொல்லவில்லை.

பிள்ளைக்கு இப்போது மூன்று வயது. வாண்டு என்று கூப்பிடுவார்கள். வாண்டுத்தனத்துக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை, எல்லாம் சத்தமில்லாமல். மற்ற பிள்ளைகள் முதன்முதலாக அம்மா என்று சொல்லும். இவள் உதட்டில் விரலை வைத்து "உஷ்" என்றாள். பார்த்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். விழுந்து அடிபட்டால் ஓடிப்போய்த் தலையணையைத் தேடி, முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுவாள். பேசினால் காற்றுதான் வரும், குரல் வராது. அம்மாவிடம் அப்படி, அத்தையிடம் அப்படி, அப்பா விழித்திருக்கும் கொஞ்ச நேரத்திலும் அப்படித்தான். கீழே படிக்கட்டு ஓரத்தில் சாவி வெட்டும் கடை வைத்திருந்த பெரியவர், மாடியில் ஒரு குழந்தை வளர்கிறது என்பதையே வெகுநாள் கழித்துப் படியில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். "இந்தக் காலத்துல இப்படி ஒரு பிள்ளையா" என்று மெச்சினார். அத்தைக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வளர்ப்பு அவளுடையது அல்லவா.

அன்றைக்கு அத்தை துடைக்கப் போன ஆபீஸில், முந்தின நாள் ஏதோ பெரிய கூட்டம் நடந்து முடிந்திருந்தது. பெரிய மனிதர்கள் கூடிப் பேசினால் எது முடிவாகிறதோ இல்லையோ, கேக் மிஞ்சும். நீள மேஜையின் நடுவில், தட்டில் ஒரே ஒரு துண்டு, யார் பல்லும் படாமல் இருந்தது. மேலே பச்சைப் பச்சையாகப் பிஸ்தா தூவியிருந்தது. "எடுத்துக்கிட்டுப் போக்கா, குப்பைக்குத்தானே போகப்போகுது" என்றாள் சூப்பர்வைசர் பெண். பிஸ்தாவைக் கடைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்ததோடு சரி, அந்த வீட்டில் யாரும் தின்றதில்லை. அத்தை அதைக் காகிதத்தில் சுற்றி, நசுங்காமல் டிபன் டப்பாவில் வைத்து, பஸ்ஸில் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டே வந்தாள். ஒரு விள்ளல்கூடத் தன் வாயில் போடவில்லை. போட்டிருந்தாலும் ஒன்றும் தெரிந்திருக்கப் போவதில்லை. கேக் நல்ல கேக்தான்.

வாசலில் காலர்க்காரி தலைக்குக் கிளிப்பை மாட்டிக்கொண்டே காத்திருந்தாள். "நேத்தே சரியாத் தூங்கலை அண்ணி அவரு. இன்னைக்காவது கொஞ்சம் நல்லாத் தூங்கட்டும்" என்று கிசுகிசுத்துவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, ஒரு மாடி இறங்கியபிறகு காலில் மாட்டிக்கொண்டு ஓடினாள். உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. தம்பியின் போன் வழக்கம்போல அணைந்து சன்னலோரம் கிடந்தது.

மத்தியானம் சோறு ஊட்டி முடித்தபிறகு அத்தை டப்பாவைத் திறந்தாள். வாண்டுவின் கண் அகலமாயிற்று. முதலில் மேலே இருந்த பச்சையை மட்டும் ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்றாள். அப்புறம் கேக்கைக் கடித்தாள். அவள் தின்பதைப் பார்க்கப் பார்க்க அத்தைக்கு வயிறு நிறைந்தது. சுவரில் சாய்ந்து காலை நீட்டினாள். அவள் கண்ணை மூடவில்லை, கண் தானாக மூடிக்கொண்டது. விடிவதற்கு முன்னால் எழுந்த உடம்பு, உட்கார இடம் கிடைத்தால் வேறென்ன செய்யும்?

"அத்தை, வாய் அரிக்குது."

"இனிப்பு தின்னா அப்படித்தான். தண்ணி குடிச்சுக்கோ."

வாண்டு போய்த் தண்ணீர் குடித்தாள். டம்ளரைச் சத்தமில்லாமல் வைத்தாள். திரும்பி வந்து அத்தையின் முழங்கையைத் தொட்டாள்.

"அத்தை, கழுத்துக்குள்ள என்னமோ இருக்கு."

இந்தத் தடவை அது வழக்கமான கிசுகிசுப்பைவிடக் கம்மலாக இருந்தது. காற்றுகூடச் சரியாக வரவில்லை. அத்தை கண்ணைத் திறக்காமலே கையை நீட்டி அவள் தலையைத் தடவினாள்.

"சமத்து. இப்படித்தான் மெதுவாப் பேசணும். அப்பா தூங்குறாங்க இல்ல."

வேறு எந்த வீட்டிலும் யாருக்காவது உறைத்திருக்கும். தொண்டை வறண்ட கோழிக்குஞ்சு மாதிரி ஏன் பேசுகிறது இந்தப் பிள்ளை என்று ஒரு கண்ணையாவது திறந்து பார்த்திருப்பார்கள். இங்கே குரல் போனால் பாராட்டு கிடைக்கும். வாண்டு பாராட்டை வாங்கிக்கொண்டு நின்றாள்.

பிறகு இருமல் வந்தது. இருமல் அந்த வீட்டில் குற்றம். வாண்டுவே ஓடிப்போய்த் தலையணையில் முகத்தை அழுத்திக்கொண்டு இருமினாள். அத்தை துள்ளி எழுந்தாள். கேக் தொண்டையில் சிக்கிக்கொண்டது என்று நினைத்தாள். சிக்கியதை எடுக்க வேண்டும் என்று தோன்றியதற்கு முன்னால், தம்பி விழித்துவிடப் போகிறான் என்றுதான் தோன்றியது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே நடைபாதைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

நடைபாதையில் வெளிச்சம் இருந்தது. அதில்தான் முகத்தைப் பார்த்தாள். உதடு வீங்கி வெளியே பிதுங்கியிருந்தது. இமை இரண்டும் கண்ணை மூடப் பார்த்தன. சட்டையைத் தூக்கினால் வயிறு, மார்பு, கழுத்து எல்லாம் சிவப்புச் சிவப்பாகத் தடித்து, ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டிருந்தது. வாண்டு ஒருமுறை வாந்தி எடுத்தாள். அப்புறம் மூச்சை இழுத்தாள். அந்த மூச்சு விசில் அடித்தது.

பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே ஓடினாள். உள்ளறைக் கதவுக்கு முன்னால் போய் நின்றாள். கை தாழ்ப்பாள்மேல் போயிற்று.

எழுப்பேன் தாயே, எழுப்பித் தொலையேன் என்று கத்த வேண்டும் போல நமக்கு இருக்கும். கதவுக்கு அந்தப் பக்கம் வண்டி ஓட்டத் தெரிந்த ஆள். கீழே வாசலில் வேன். சாவி ஆணியில் தொங்குகிறது. ஆனால் அந்தக் கை வருஷக்கணக்காக அந்தக் கதவை மெதுவாகச் சாத்திச் சாத்தியே பழகிய கை. தட்டிப் பழகவில்லை. யோசித்துப் பின்வாங்கியிருந்தால் அவளை நாலு வார்த்தை திட்டலாம். அவள் யோசிக்கவே இல்லை. கை தானாகத் திரும்பி வந்துவிட்டது. வெறுங்காலோடு படி இறங்கி ஓடினாள். அந்த ஓட்டத்திலும் வாசல் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுத்தான் ஓடினாள்.

சாவிக்கடைப் பெரியவர் பிள்ளையின் முகத்தைப் பார்த்ததும் கையில் இருந்த அரத்தைக் கீழே போட்டார்.

"என்னம்மா ஆச்சு?"

"தெரியலை. மூச்சு இழுக்குது. ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"மேல தம்பி இருக்காரே. வேன் நிக்குதே."

"தூங்குறான்."

அவர் அவளை ஒரு கணம் பார்த்தார். பைத்தியமா என்று கேட்க வந்ததை விழுங்கிக்கொண்டார் போலிருந்தது. கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டு ஸ்கூட்டரை உதைத்தார்.

போகும் வழியெல்லாம் அவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. அத்தை பின்னால் உட்கார்ந்து பிள்ளையை நெஞ்சோடு நிமிர்த்திப் பிடித்துக்கொண்டாள். "வாண்டு, பேசு. அத்தைகிட்ட ஏதாவது பேசு" என்று கெஞ்சினாள். வாண்டுவின் உதடு அசைந்தது. காற்றும் வரவில்லை. அவ்வளவு இரைச்சலுக்கு நடுவிலும் பிள்ளை ஒரு விரலைத் தூக்கி உதட்டில் வைக்கப் பார்த்தாள். பாதி வழியில் கை விழுந்துவிட்டது. அத்தை அதைப் பார்த்தாள். செத்துப்போகலாம் என்றிருந்தது அவளுக்கு.

அவசரப் பிரிவில் ஒரு நர்ஸ் பிள்ளையை அவள் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு போனாள். டாக்டர் சின்னப் பெண். முந்தின நாளிலிருந்து படுக்கையைப் பார்க்காத கண். அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"என்ன சாப்பிட்டா?"

"கேக்கு. பிஸ்தா போட்ட கேக்கு."

அதற்குள் தொடையில் ஊசி இறங்கிவிட்டது. முகத்தில் காற்றுக் குழாய் வைத்தார்கள். கொஞ்ச நேரம் பார்த்தார்கள். டாக்டர் தலையை ஆட்டி, இன்னொரு ஊசி போட்டாள். அத்தை சுவரோரம் நின்றாள். பிறகு விசில் மெல்ல அடங்கியது. நீலம் பூத்திருந்த உதட்டில் சிவப்பு திரும்பி வந்தது. அத்தை நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

டாக்டர் வந்து, அவளும் களைப்பில் சுவரில் சாய்ந்துகொண்டுதான் பேசினாள். "பிஸ்தா இவளுக்கு ஒத்துக்கலைம்மா. சில பேரு உடம்பு அதை விஷமா எடுத்துக்கும். ஒரு பருப்பு போதும். இனிமே அந்தப் பருப்பு வகையே இவ கண்ணுல படக் கூடாது. ஒரு ஊசி எழுதித் தர்றேன், எப்பவும் கையிலயே இருக்கணும். இன்னும் கொஞ்சம் லேட்டாயிருந்தா தொண்டை மொத்தமா அடைச்சிருக்கும்."

அத்தை தலையாட்டினாள்.

"குரல் கம்மும். அதுதான் நாம கவனிக்க வேண்டியது. எப்ப ஆரம்பிச்சுது அது?"

சமத்து என்று சொல்லித் தலையைத் தடவிய கை மடியில் கிடந்தது.

"முதல்லேயே" என்றாள்.

"வீட்ல வேற யாரும் இல்லையா, கூட்டிட்டு வர?"

"இருந்தான். தூங்கிக்கிட்டிருந்தான்."

டாக்டர் மேற்கொண்டு கேட்கவில்லை. தூக்கம் என்றால் என்ன என்று தெரிந்தவள் போலிருக்கிறது. நர்ஸ்தான் போகிறபோக்கில் சொன்னாள்: "இன்னைக்கு இங்கயேதான் இருக்கணும். அடங்கின மாதிரி இருந்து, சிலருக்குத் திரும்ப வரும். குழந்தைக்கு அப்பப்பப் பேச்சுக் குடுங்க. குரல் கம்முற மாதிரி இருந்தா உடனே என்னைக் கூப்பிடுங்க, யோசிச்சுக்கிட்டு நிக்காதீங்க."

காலர்க்காரி தலைமுடியெல்லாம் நூல் துணுக்கோடு வந்து சேர்ந்தாள். நர்ஸின் போனிலிருந்து அத்தை சொன்னதும் மெஷினை ஓடவிட்டபடியே எழுந்து வந்திருக்கிறாள். பிள்ளையின் மூச்சு ஏறி இறங்குவதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தாள்.

"நான் குடுத்த கேக்குதான்" என்றாள் அத்தை.

"விஷம்னு தெரிஞ்சா குடுத்தீங்க?"

"குரல் போயிடுச்சு அவளுக்கு. என்கிட்ட வந்து சொன்னா. நான் கண்ணைக்கூடத் திறக்கலை. சமத்துன்னு சொன்னேன்."

காலர்க்காரி தன் சட்டைக் கையில் ஒட்டியிருந்த ஒரு நூலை உருவினாள். அது நீளமாக வந்துகொண்டே இருந்தது.

"நானா இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன் அண்ணி."

அதற்கு அவள் செருப்பைக் கழற்றி அடித்திருக்கலாம். அடித்திருந்தால் அதோடு ஒரு பாட்டம் அழுது முடித்திருக்கலாம். இருவரும் ஒரே கட்டிலின் இரண்டு ஓரத்தில் உட்கார்ந்து பிள்ளையின் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் அழத் தெம்பில்லை.

தம்பி சாயங்காலம்தான் வந்தான். தூங்கி எழுந்து பார்த்தால் வீட்டில் ஈ காக்கா இல்லை. நடைபாதையில் வாந்தி. பதறிப்போய்க் கீழே இறங்கினால் சாவிக்கடைக்காரர் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். அத்தனை கூத்தும் தன் தலைமாட்டில் நடந்தபோது தான் குறட்டை விட்டுக்கொண்டிருந்ததை ஒரு வேற்று மனிதர் வாயால் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்திருந்தான். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தான். பிள்ளையின் நெற்றியைத் தொட்டான், காலைத் தொட்டான். அப்புறம் திரும்பினான்.

"என்னை ஏன்க்கா எழுப்பலே?"

கோபத்திலும் அவன் மெதுவாகத்தான் கேட்டான். அந்தக் குடும்பத்தில் யாருக்கும் சத்தமாகக் கோபப்படத் தெரியாது.

அத்தை பிள்ளையின் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள்.

"கதவைத் தட்டினா எழுந்திருக்க மாட்டேனா? வண்டி கீழதானே நிக்குது. ஒரு கதவைத் தட்ட முடியலையா உன்னால?"

"நான்தான் அண்ணிகிட்டச் சொல்லி வெச்சிருந்தேன், எழுப்பக் கூடாதுன்னு" என்றாள் காலர்க்காரி.

"இதுக்குமா?"

இதற்கு என்றும் எதற்கு என்றும் அந்தச் சட்டத்தில் பிரித்துச் சொல்லியிருக்கவில்லை. சட்டத்தால் லாபம் அடைந்தவன் அவன். அது எவ்வளவு தூரம் போகும் என்று அவனும் ஒருநாள்கூடக் கேட்டதில்லை. இது அவனுக்கே தெரிந்திருக்க வேண்டும். மூலையில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் போய் விழுந்தான். கையால் முகத்தை மூடிக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் கை நழுவி மடியில் விழுந்தது. பாதிக் கோபத்திலேயே தூங்கிவிட்டான். எத்தனை பகல் தூங்கினாலும் தீராத கடன் அது, உட்கார்ந்த இடத்தில் வந்து வசூல் பண்ணிவிடும்.

வார்டில் விளக்குப் போட்டார்கள். பக்கத்துக் கட்டில்களுக்குப் பார்க்க வந்தவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள், யாரோ டம்ளரைக் கீழே போட்டார்கள், யாரோ சிரித்தார்கள். வாண்டு கண்ணைத் திறந்து எல்லாவற்றையும் பார்த்தாள். வீக்கம் வடிந்து பழைய முகம் கொஞ்சம் தெரிந்தது. அத்தை குனிந்து கேட்டாள்.

"வாண்டு, உனக்கு என்ன வேணும்?"

வாண்டு ஏதோ சொன்னாள். வெறும் காற்று.

அத்தை இன்னும் குனிந்தாள். "என்ன கண்ணு? சத்தமாச் சொல்லு."

மறுபடியும் காற்று. காதை அவள் வாயருகே கொண்டுபோய் வைத்தாள். தொண்டை அடைக்கிறதா, இல்லை பிள்ளை ஒழுங்காக நடந்துகொள்கிறதா? இரண்டும் ஒரே மாதிரி இருந்தது. மூன்று வருஷமாக அவள் கேட்டுப் பெருமைப்பட்டதும் இதே காற்றைத்தான்.

"சத்தமாச் சொல்லும்மா. யாரும் திட்ட மாட்டாங்க. அத்தைக்குக் கேக்குற மாதிரி சொல்லு."

வாண்டு அவளைக் கண்டிக்கிற மாதிரி பார்த்தாள். மூலை நாற்காலியைக் காட்டினாள். உதட்டில் விரல் வைத்தாள்.

"அப்பா தூங்குறாங்க" என்று உதடு அசைந்தது.

அத்தை எழுந்தாள். எழும்போது முட்டி இரண்டும் முனகின. அவள் எங்கே போகிறாள் என்று காலர்க்காரிக்குப் புரிந்துவிட்டது.

"அண்ணி, ராத்திரி வண்டி எடுக்கணும் அவரு. கொஞ்ச நேரம்..." என்று ஆரம்பித்தவள், தன் வாயிலிருந்து வருவது தன் காதில் விழுந்ததும் நிறுத்திக்கொண்டாள்.

அத்தைக்கும் தெரியும். இவன் தூங்காமல் போனால் அங்கே ஒரு கம்பம் நிற்கிறது. இவன் தூங்கினால் இங்கே ஒரு தொண்டை. கம்பம் ராத்திரிக்கு, தொண்டை இப்போது. அதற்குமேல் யோசிக்க அவளிடம் மிச்சம் ஒன்றும் இல்லை. தம்பியின் தோளைப் பிடித்து ஆட்டினாள். அவன் அசையவில்லை. இன்னொரு தடவை, பல்லைக் கடித்துக்கொண்டு ஆட்டினாள்.

"டேய். எழுந்திருடா."

வார்டே திரும்பிப் பார்த்தது. இவ்வளவு பெரிய குரல் தன்னிடம் இருப்பது அத்தைக்கே மறந்துபோயிருந்தது.

தம்பி தூக்கிவாரிப்போட எழுந்தான். "என்ன, என்ன ஆச்சு? நேரமாயிடுச்சா?"

"ஒண்ணும் ஆகலை. நீ தூங்கினா உன் பிள்ளை வாயைத் திறக்க மாட்டேங்குறா. அவ பேசினாத்தான் அவளுக்கு என்னன்னு தெரியும். எழுந்து வந்து பக்கத்துல உக்காரு. இன்னைக்கு ராத்திரி வேனுக்கு வேற ஆளைப் போகச் சொல்லு."

அவன் அக்காவைப் பார்த்தான். மனைவியைப் பார்த்தான். கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். சட்டம் உடைந்ததைப் பார்த்துக்கொண்டிருந்த வாண்டுவுக்குக் கண் பெரிதாகிவிட்டது.

"அப்பா முழிச்சிட்டேன்டா. பேசு."

வாண்டு நம்பவில்லை. கையை நீட்டி அவன் இமையை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். இமை மூடித் திறந்தது. பக்கத்துக் கட்டிலைப் பார்த்தாள், அங்கேயும் யாரும் தூங்கவில்லை.

"அப்பா, எனக்குத் தொடையில ஊசி குத்திட்டாங்க."

குரல் வந்தது. அந்த உடம்புக்குச் சற்றுத் தடித்த குரல், ஓரத்தில் கொஞ்சம் கரகரப்பு. வார்டின் அந்தக் கோடி வரைக்கும் போய்க் கேட்டது. வாண்டுவே ஒரு நிமிஷம் திகைத்துப்போனாள். பிறகு அது பிடித்துப்போய், மடை திறந்த மாதிரி கொட்ட ஆரம்பித்தாள். ரெண்டு தடவை குத்தினாங்க. நான் தலகாணியே கேக்கலை. சாவித் தாத்தா பாம் பாம்னு அடிச்சிக்கிட்டே வந்தாரு. கேக்குல பச்சை பச்சையா இருந்துச்சு, நான் பச்சையை மட்டும் முதல்ல சாப்பிட்டேன். காலர்க்காரி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். மத்தியானத்திலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது.

சத்தத்தைக் கேட்டு நர்ஸ் வந்தாள். பிள்ளையின் நெஞ்சிலும் முதுகிலும் குழலை வைத்துக் கேட்டாள். வாயைத் திறக்கச் சொல்லி வெளிச்சம் அடித்துப் பார்த்தாள்.

"நெஞ்சு சுத்தமா இருக்கு. தொண்டையில வீக்கமும் இல்லை. நல்லாப் பேசட்டும், விடுங்க" என்றவள் போகப் புறப்பட்டு, நின்றாள். "குரல்தான் கொஞ்சம் கரகரன்னு இருக்கு. இவ குரலே இப்படித்தானா, இல்லை இன்னைக்குத்தான் இப்படியா?"

காலர்க்காரி அத்தையைப் பார்த்தாள். அத்தை தம்பியைப் பார்த்தாள். தம்பி இருவரையும் பார்த்தான். வாண்டு பேசிக்கொண்டே இருந்தாள்.

"தெரியலைம்மா" என்றாள் அத்தை. "நாங்க கேட்டதில்லை."